பத்து மடங்கு

லூப்பை வலது கண்ணில் இறுக்கிக்கொண்டு குனிந்தேன்.
கறுப்பு முகப்பின் மேல்,
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே
ஒரு வெள்ளைச் செதில்.
விளிம்பு கிழிந்து, ஒரு மூலை நிமிர்ந்து,
இன்னும் என் தலையில்தான் இருப்பதுபோல்
உரிமையோடு கிடந்தது.

தொப்பி போட்டிருந்தேன். தொப்பிக்குள் வலை.
எப்படி இறங்கியது?

பீல் நகரத்தில் மணிக்கூடு செய்யப் பழகவந்த முதல் நாள்
வெள்ளைக் கோட் தந்தார்கள்.
அன்றைக்கு நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்று
யாருக்கும் தெரியாது.
பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம்
கறுப்பையும் கருநீலத்தையும் அலுமாரியில் பூட்டி,
சாம்பல் நிறத்தில் மட்டும் வாழ்ந்தவள் நான்.
வெள்ளைத் தோளில் என்ன விழுந்தாலும் தெரியாது.
முகப்புகள் கறுப்பாக வரும் என்று
அப்போது யோசிக்கவில்லை.

'தண்ணி மாறினா முடி கொட்டும்' என்றார் அப்பா.
எனக்கு எந்தத் தண்ணீர் மாறியது?
பிறந்த அன்றே இந்த ஊர்க் குழாயில் குளித்தவள்.
மாறியது அவருக்குத்தான்;
அவர் தலையோ இன்னும் கருகருவென்று
சீப்பு உடைய நிற்கிறது.

தோல் வைத்தியர் எண்ணெய் வேண்டாம் என்றார்.
ஜெர்மனில் சொன்னதைத் தமிழில் சொன்னேன்.
'வடிவாக் கேள்' என்றா அம்மா.
வடிவாகக் கேட்டேன்.
மறுபடியும் எண்ணெய் வேண்டாம்.
மொழிபெயர்ப்பவள் மேல்தான் சந்தேகம்
வீடு வரும்வரை, பஸ்ஸின் கடைசி இருக்கைவரை.

பிறகு இரத்தம் எடுத்தார்கள்.
இரும்பு போதாதாம். கையிருப்பு ஒன்பதாம்.
காலையிலிருந்து மாலைவரை உருக்கை அராவுகிறேன்,
நகக்கண்ணெல்லாம் உலோகத் தூள்,
உள்ளே மட்டும் இல்லையாம்.
சிரிப்புத்தான் வந்தது. அழவும் செய்தேன்,
மருந்துக்கடை வாசலில், கொஞ்சம்.

இரவில் வடிகாலில் சுருண்டதை எடுத்து
குளியலறைக் கண்ணாடிக் கதவில்
ஒவ்வொன்றாக ஒட்டி எண்ணுவேன்.
அறுபத்திரண்டு.
மணிக்கூட்டின் சுருள்வில் இதைவிட மெல்லியது.
அது ஒன்று வளைந்தால்
மேசையே கூடி நின்று பார்க்கும்.

'இது யாருடையது?'
திருமதி ஏஷ்பாகர் என் தோளுக்குப் பின்னால்.
எப்போது வந்தா?
பட்டறையில் காற்று வடிகட்டும் இயந்திரம் மட்டும் பேசியது.
என் காது இரண்டும் தொப்பிக்குள் எரிந்தன.

'என்னுடையது.'

லோரிஸ். மூன்றாம் வருடம். பத்தொன்பது வயது.
மாரியில் தலையை மொட்டையாக வழித்துக்கொண்டு வந்தவன்.
எல்லாரும் அதை நாகரிகம் என்றார்கள்.
அதற்கு முன்பே அவன் நெற்றியின் இருபுறமும்
கடல் பின்வாங்கிய மணல்போல் ஏறிப்போனதை
நான் பார்த்திருக்கிறேன்,
எண்ணுகிறவர்கள்தான் பார்ப்பார்கள்.

கையை உயர்த்தியபடி நின்றான்.
விளக்கு அவன் உச்சியில் விழுந்து வழுக்கியது.
திருமதி ஏஷ்பாகர் அந்தத் தலையைப் பார்த்தா.
என் தொப்பியைப் பார்த்தா.
உதட்டின் ஒரு ஓரம் மட்டும் அசைந்தது.
'ஊதி எடுங்கள்' என்றுவிட்டு நடந்தா.

இடைவேளையில், கோப்பி இயந்திரத்தடியில்,
நன்றி சொல்ல வந்த நான்
'அறுபத்திரண்டு' என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேனோ.
அவன் யோசிக்கவேயில்லை.
'இருநூறோடு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.'
பிறகு சீனி போதாது என்று இயந்திரத்தைத் திட்டினான்.

இந்த ஷாம்பு ஐந்து நிமிடம் ஊற வேண்டும்.
பயிற்சிக்கு நானே கோர்த்த முதல் மணிக்கூட்டை
சவர்க்காரத் தட்டின் மேல் வைத்திருக்கிறேன்.
நாளுக்குப் பதினொரு நிமிடம் பிந்துகிறது,
பரவாயில்லை.
நுரை புருவம் தாண்டி இறங்குகிறது.
அண்ணன் கதவை இடிக்கிறான்.

'இன்னும் ரெண்டு நிமிசமடா' என்கிறேன்,
என் மணிக்கூட்டின்படி.